வேளாங்கண்ணி நடைப்பயணம்: குதிகால் கொப்புளத்துக்கு நான் செய்தது

பெசன்ட் நகரிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக வேளாங்கண்ணிக்கு நடக்கையில், கோவளம் வருவதற்குள் குதிகால் எரிந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். கூட வருபவர்கள் காத்திருக்கட்டும். வியர்வையில் நனைந்த பருத்திச் சாக்ஸ்தான் பெரும்பாலும் காரணம். ஊறிய தோல் சீக்கிரம் உரசிப் பிரியும்.

காலைத் துடைத்து 10 நிமிடம் காயவிட்டு, மைக்ரோபோர் டேப்பின் (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) முனைகளை வட்டமாக வெட்டி ஒட்டினேன். முனை கூராக இருந்தால் சாக்ஸில் சிக்கிச் சுருண்டுவிடும். ஈரத்தில் ஒட்டவே ஒட்டாது.

நீர் கோத்துவிட்டதா? சின்னதென்றால் குத்தாதீர்கள். பெரிதாகி வலித்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி வடித்து, மேல்தோலை உரிக்காமல் பெட்டாடின், காஸ் துணி, டேப். சர்க்கரை உள்ளவர்கள் தாங்களே குத்த வேண்டாம், டாக்டர்தான். மாற்றுச் சாக்ஸ் 2 ஜோடி. நனைந்ததைப் பைக்கு வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிட்டால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும்.