நகர மையத்தில் மாடிவீடு, கையில் குழந்தை: வெளிநாட்டு நகரத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

குழந்தை இருக்கிறது என்றதுமே "நகரத்துக்குள் வேண்டாம், புறநகரில் தனிவீடு பாருங்கள்" என்று சொல்லப் பலர் முன்வருவார்கள். அவசரப்படாதீர்கள். வேலைக்குப் போய்வரும் நேரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமானால், அது பிள்ளையிடம்தான் வந்து சேரும். நூலகம், மருத்துவர், பேருந்து எல்லாம் நடை தூரத்தில் இருப்பது, கார் வாங்காத முதல் வருடத்தில் பெரிய ஆறுதல். மாடிவீட்டில் பிள்ளை நன்றாக வளருமா என்பது சதுர அடியை மட்டும் பொறுத்ததல்ல. வாசலுக்கு வெளியே உள்ள நடைவழி, லிஃப்ட், கீழே இருக்கும் தெரு, பள்ளிக்குப் போகும் வழி எல்லாவற்றையும் வீட்டின் அறைகளாகவே எண்ணிப் பார்த்து எடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

வீடு பார்க்கப் போகும்போது அளவு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையையும் கூட்டிப் போங்கள். ஞாயிறு மதியம் எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலைநாளில் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒருமுறை அங்கே போய் நில்லுங்கள். லிஃப்ட் வர எத்தனை நிமிடம் ஆகிறது, வந்த லிஃப்டில் தள்ளுவண்டிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லிஃப்ட் கதவின் அகலத்தையும் உங்கள் வீட்டுக் கதவின் அகலத்தையும் அளந்த பிறகே தள்ளுவண்டி வாங்குங்கள். இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி பல கதவுகளில் நுழையாது; முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டி நுழைந்துவிடும்.

எந்த மாடியில் எடுப்பது? ஐந்தாம் மாடிக்கு மேல் போனால் தெருவோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்று டென்மார்க்கின் நகரமைப்பாளர் யான் கெல் சொல்கிறார். கீழே இருப்பவரின் முகம் தெரியாது, கூப்பிட்டால் கேட்காது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை முற்றத்தில் விளையாடும்போது அடுப்படியிலிருந்தே கண்வைக்க முடிகிற வீடு, இருபதாவது மாடியின் அழகான காட்சியைவிட எங்கள் பார்வையில் மேலானது. கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட்தான் என்றால் மூன்று, நான்கு மாடிக்கு மேல் எடுக்காதீர்கள். அது பழுதாகும் நாளில் குழந்தை, வண்டி, சாமான் பை மூன்றையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

அடுத்து, பள்ளி வழியைப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து பாருங்கள். நான்கு தடச் சாலை ஏறத்தாழ 13, 14 மீட்டர் அகலம். சிக்னலில் நடப்பவர்களுக்கான நேரத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 1 முதல் 1.2 மீட்டர் நடப்பவரை மனதில் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் கிடைப்பது 11 முதல் 14 நொடி. வழியில் நின்று வேடிக்கை பார்க்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது போதாது. சாலை நடுவில் நின்றுகொள்ளத் திட்டு இருக்கிறதா, திரும்பும் வண்டிகளுக்கும் அதே நேரத்தில் பச்சை விழுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. ஓட்டுநரின் கண் வரும் வண்டிகள் மேல் இருக்கும். வண்டியின் முன்பக்க உயரத்துக்குக் கீழே நிற்கும் பிள்ளை அவருக்குத் தெரியாது.

எதிரே பள்ளி தெரிகிறது என்பதற்காக அங்கே இடம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கனடாவின் டொராண்டோவில் புதிய அடுக்குமாடிகள் எழும் இடங்களில், அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியமே பலகை வைத்துச் சொல்கிறது: இங்கே குடிவரும் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் உறுதியில்லை, வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்பப்படலாம். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் பள்ளி வாரியத்துக்குக் கட்டடத்தின் முழு முகவரியை எழுதி, எந்தப் பள்ளி, இந்த வருடம் அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். டேகேர் பட்டியலில் பெயர் போடுவதை வீடு கிடைத்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். பல நகரங்களில் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். கர்ப்பமாக இருக்கும்போதே பதிந்து வைப்பவர்கள் உண்டு.

எவ்வளவு பெரிய வீடு போதும் என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவுகோல்: டொராண்டோ மாநகராட்சி 2020-இல் ஏற்றுக்கொண்ட, அடுக்குமாடியில் வளரும் குழந்தைகளுக்கான வழிகாட்டு நெறிகள், இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஏறத்தாழ 90 சதுர மீட்டரையும் மூன்று படுக்கையறைக்கு 106 சதுர மீட்டரையும் உகந்ததாகச் சொல்கின்றன. சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிடச் சிறிது. சிறிய வீடு என்றால் பெரிய படுக்கையறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, சிறியதைப் பெற்றோர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அங்கே தூங்கினால் போதும், பிள்ளைகளுக்குத் தரை வேண்டும்.

"குழந்தை இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று வீட்டுக்காரர் சொன்னால் தலையசைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1988-இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்படி, முதியோர் குடியிருப்பு போன்ற சில விலக்குகள் தவிர, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பது சட்டவிரோதம். கனடாவின் ஒன்டாரியோவிலும் மனித உரிமைச் சட்டம் குடும்ப நிலையைக் காரணமாக வைத்து மறுப்பதைத் தடுக்கிறது.

ஜன்னலும் பால்கனியும்

சாவி கைக்கு வந்த முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. பெட்டிகளைப் பிறகு பிரிக்கலாம்.

கொசுவலை பூச்சியைத் தடுக்கச் செய்தது. அதன் சட்டம் லேசான பிளாஸ்டிக் கொக்கிகளில் நிற்கிறது. ஒரு வயதுப் பிள்ளை சாய்ந்தாலே கழன்று போகும். வலை இருக்கிறதே என்ற நம்பிக்கையில்தான் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள், பிள்ளைகள் விழுவதும் அப்படித்தான். 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போங்கள். ஜன்னலை முடிந்த அளவு திறங்கள். அட்டை பக்கவாட்டில் தாராளமாக நுழைந்தால் அந்த ஜன்னலுக்குத் தடுப்பான் வேண்டும். டொராண்டோவில் உயர்ந்த தளங்களின் ஜன்னல்கள் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி வீட்டுக்காரர் தடுப்பான் பொருத்த வேண்டும். நியூயார்க்கில் 1976 முதலே சட்டம் உண்டு: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடத்தில் 10 வயதோ அதற்குக் குறைவோ ஆன பிள்ளை வசித்தால் ஜன்னலுக்குக் காப்புக்கம்பி போடுவது வீட்டுக்காரரின் கடமை. அங்கே ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டுக்காரரிடமிருந்து இதற்காக ஒரு படிவம் வரும். பிப்ரவரி 15-க்குள் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏதோ விளம்பரக் காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள்.

தடுப்பான் போட்டாகிவிட்டது என்று இருந்துவிடவும் கூடாது. பசை நாடாவில் ஒட்டும் வகை கோடைச் சூட்டில் இளகும். குட்டை ஆணியில் பிளாஸ்டிக் சட்டத்தில் முடுக்கியது ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும். மாதம் ஒருமுறை உள்ளங்கையால் நன்றாக அழுத்தித் தள்ளிப் பாருங்கள். ஊரில் போடுவது போல முழு ஜன்னலையும் அசையாத இரும்புக் கிராதியால் அடைத்துவிடுவதும் தவறு. தீப்பிடித்தால் வெளியேறவோ மீட்கவோ வழியில்லாமல் போகும். பெரியவர் கையால் சட்டென்று விடுவிக்க முடிகிற வகையையே கேளுங்கள். பூட்டு வகை என்றால் சாவி அதே ஜன்னலுக்கு அருகில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும்.

கட்டில், சோபா, பொம்மைப் பெட்டி எதுவும் ஜன்னலடியில் வேண்டாம். நடக்கத் தொடங்காத பிள்ளைகூட சோபாவில் ஏறிவிடும். திரைச்சீலைக் கயிறு இன்னொரு ஆபத்து. கழுத்தில் சுற்றிக்கொண்டால் சத்தம்கூட வராது. கனடாவில் 2022 முதல் விற்கப்படும் திரைகளில் பிள்ளைக்கு எட்டும் கயிறு 22 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வீட்டில் முன்னாள் குடித்தனக்காரர் விட்டுப்போன திரைக்கு அந்த விதி பொருந்தியிருக்காது. கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கயிறில்லாத திரை மாட்டச் சொல்லுங்கள்.

பால்கனிக் கம்பியின் இடைவெளிக்கும் அதே 10 சென்டிமீட்டர் அட்டைதான். வட அமெரிக்காவில் கைப்பிடி உயரம் வழக்கமாக 107 சென்டிமீட்டர். ஆனால் படுக்கைவாட்டில் கம்பி வைத்த பால்கனி பிள்ளைக்கு ஏணி. அப்படி அமைந்திருந்தால் உள்பக்கம் வழுவழுப்பான, மறுபக்கம் தெரிகிற பிளாஸ்டிக் பலகை அடிக்க அனுமதி கேளுங்கள். நாற்காலி, பூத்தொட்டி, காலி அட்டைப்பெட்டி எதுவும் கைப்பிடிக்கு அருகில் இருக்கக் கூடாது. பால்கனிக் கதவுக்கு உங்கள் தலை உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள்.

கீழ்வீட்டுக்காரரும் ஓடும் கால்களும்

மாடிவீட்டுக் குடும்பங்களுக்கு அதிகம் மன உளைச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக. அழுகையும் தொலைக்காட்சியும் காற்று வழியாகப் போகும் சத்தம். கனமான கான்கிரீட் தளம் அதை ஓரளவு தடுத்துவிடும். குதிகால் தரையில் மோதும் சத்தம் வேறு. அதில் தளமே அதிர்ந்து கீழ்வீட்டின் கூரையை மேளமாக்குகிறது. கீழே கேட்பது "தொம் தொம்" என்ற தாழ்ந்த ஒலி. நீங்கள் மேலே நின்று கேட்டால் அது பெரிதாகவே தெரியாது. "எங்கள் பிள்ளை அப்படியொன்றும் ஓடவில்லையே" என்று நீங்கள் உண்மையாகவே நம்புவீர்கள். இரண்டு வீட்டாருக்கும் சண்டை மூள்வது இங்கேதான்.

மெல்லிய கம்பளம் மட்டும் விரித்தால் பொம்மை விழும் கூர்மையான சத்தம் குறையும், தொம் தொம் பெரிதாகக் குறையாது. கம்பளத்துக்கு அடியில் அடர்த்தியான ஃபெல்ட்டும் (அழுத்திச் செய்த கம்பளித் துணி) ரப்பரும் சேர்ந்த, 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடிவிரிப்பு போடுங்கள். வீடு முழுக்கப் போட வசதி இல்லையென்றால், ஓட்டம் நடக்கும் நீண்ட வழியில் முதலில் போடுங்கள். பெரும்பாலும் அது வரவேற்பறையிலிருந்து படுக்கையறைக்குப் போகும் நேர்கோடு. அந்த நேர்கோட்டின் நடுவில் ஒரு மேசையை நகர்த்தி வைத்தால் ஓட்டத்தின் வேகமே பாதியாகும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் வட்டம் ஒட்டுங்கள், தேய்ந்ததும் மாற்றுங்கள். தரையில் இத்தனை பங்கு கம்பளத்தால் மூட வேண்டும் என்று சில வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும், நியூயார்க்கில் இது 80 சதவீதம் வரை போகும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

குடிவந்த வாரமே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளையின் வயதையும் அது எழும் நேரத்தையும் சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெயரும் எண்ணும் தெரிந்தவர் முதலில் உங்களைக் கூப்பிடுவார். தெரியாதவர் நேராக நிர்வாகத்துக்கு எழுதுவார். புகார்க் கடிதம் வந்துவிட்டால், என்ன விரித்தீர்கள், எந்தத் தேதியில் என்று எழுத்தில் பதில் கொடுத்து, படமும் இணையுங்கள். பகலில் பிள்ளை நடப்பதும் விளையாடுவதும் குற்றமல்ல. ஜெர்மனி 2011-இல் சட்டம் திருத்தி, டேகேரிலும் விளையாட்டுத் திடலிலும் குழந்தைகள் எழுப்பும் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதக் கூடாது என்றே எழுதி வைத்தது.

வெந்நீர், லிஃப்ட், தீ

குழாயில் வரும் வெந்நீர் 60 பாகை செல்சியஸ் என்றால் சில நொடிகளில் பிள்ளையின் தோல் வெந்துவிடும். 49 பாகைக்கு மேல் குழாயில் வரக் கூடாது. சமையல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். பொதுக் கொதிகலன் உள்ள கட்டடத்தில் நீங்களாகக் குறைக்க முடியாது. குளியலறைக் குழாயில், வெந்நீரோடு குளிர்நீரைக் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு பொருத்தித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

லிஃப்டில் கதவிடுக்கில் கைவைக்காதே என்பதோடு ஸ்கூட்டர் கயிறு, பையின் வார், தாண்டும் கயிறு எதுவும் கதவுக்கு வெளியே தொங்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை மட்டும் உள்ளே மாட்டிக் கதவு மூடிவிட்டால் என்ன செய்வது? ஒரே ஒரு விதி வையுங்கள்: "தரைத்தளத்தில் இறங்கி வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நில், நான் வருகிறேன்." நான்கைந்து முறை விளையாட்டாகச் செய்து பார்த்தால் பயம் போய்விடும்.

தீ மணி அடித்தால் உடனே இறங்க வேண்டுமா, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமா என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். நிர்வாகத்திடம் தீப் பாதுகாப்புத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் கூடாது, தள்ளுவண்டி வேண்டாம். கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை வாசல் கொக்கியிலேயே தொங்கட்டும். உங்கள் கதவிலிருந்து மாடிப்படி எத்தனையாவது கதவு என்று எண்ணி வையுங்கள். புகையில் சுவரைத் தடவித்தான் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று. "ஐந்தே நிமிடம், கீழே துணி துவைக்கும் அறைக்குப் போய்வருகிறேன்" என்று பிள்ளையைத் தனியே விட்டுப் போகாதீர்கள். பல நாடுகளில் அது குழந்தைகள் நலத் துறை கேள்வி கேட்கும் விஷயம். கனடாவின் மானிடோபாவில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகுந்த மேற்பார்வை இல்லாமல் விடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

தினமும் வெளியே

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிட உடலசைவும், ஐந்து வயதுக்கு மேல் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது தீவிரமான உடற்செயல்பாடும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தனிவீட்டில் கதவைத் திறந்துவிட்டால் போதும். மாடிவீட்டில் பெரியவர் ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினால்தான் இது நடக்கும். அதனால் மனநிலைக்கு விடாமல் மணிக்கு விடுங்கள்: பள்ளி முடிந்து வீட்டுக்கு ஏறாமலே நேராகத் திடலுக்கு. ஒருமுறை மேலே ஏறிவிட்டால் மறுபடி இறங்குவது அரிது. தண்ணீர், மாற்று உடை, துண்டு அடங்கிய பை ஒன்று தள்ளுவண்டியிலேயே இருக்கட்டும்.

கேட்டு வாங்குவது

குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை, நமக்கென்ன என்று ஒதுங்காதீர்கள். நடைபாதையும் சிக்னலும் குடியிருப்பவர் எல்லோருக்கும் உரியவை. வான்கூவர் 1992-லேயே நெருக்கமான குடியிருப்புகளில் குழந்தைகளுக்காக வழிகாட்டு நெறிகளை எழுதியது. ரோட்டர்டாம் 2000-களின் பிற்பகுதியில் குழந்தைகளுக்கு உகந்த நகரம் என்ற திட்டத்தைத் தொடங்கி, அகலமான நடைபாதைகளையும் பள்ளி முற்றங்களையும் விளையாட்டு இடமாக்கியது. பாரிஸ் பல பள்ளிகளின் வாசல் தெருக்களை வண்டிகளுக்கு மூடியிருக்கிறது. இவை எல்லாம் யாரோ கேட்டதால் வந்தவை.

கட்டடத்துக்குள் கேட்கக்கூடியவை: தரைத்தளத்தில் தள்ளுவண்டி நிறுத்த இடம், குளிர்கால மாலைகளில் விருந்து அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவது, முற்றத்தில் "பந்து விளையாடக் கூடாது" என்ற பலகையை நேரக் கட்டுப்பாடாக மாற்றுவது. தனியாகக் கேட்டால் விதியைக் காட்டுவார்கள். ஐந்து, ஆறு வீட்டார் பெயருடன் கேட்டால் கூட்டத்தில் எடுப்பார்கள். உங்கள் மாடியில் வேறு மொழி பேசும் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகராட்சிக்கு எழுதும்போது "சாலை ஆபத்தாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். சந்திப்பின் பெயர், நாள், நேரம், சாலையின் அகலம், பச்சை எத்தனை நொடி, பிள்ளைக்கு எத்தனை நொடி ஆனது என்று மூன்று நாள் அளந்து எழுதுங்கள். பள்ளியின் கடிதத்தையும் இணைத்து, பகுதி உறுப்பினருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மனு எண்ணைக் குறித்துக்கொண்டு நான்கு வாரம் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து மனையில் புதிய கோபுரம் வருகிறது என்று பலகை நின்றால், கருத்துக் கேட்கும் கூட்டத்தின் தேதி அதிலேயே இருக்கும். போய், மூன்று படுக்கையறை வீடுகள் எத்தனை, விளையாடும் இடம் எந்தத் தளத்தில், டேகேர் உண்டா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.