ஊர் ஆஸ்பத்திரிக்கு வரும் டொக்டரும் மிஸ்ஸியும் (தாதியும்) நிலைக்க வேண்டுமென்றால்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பிரதேச வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவுக்குப் பல வருசமாக நான் செயலாளர். தொழிலால் ஓய்வுபெற்ற அதிபர். "உங்கட ஆஸ்பத்திரியில மட்டும் எப்படி ஆக்கள் நிற்கிறாங்க?" என்று மற்ற ஊர்க் குழுக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன். வாகரைப் பக்கத்தாருக்கும், அம்பாறையில் திருக்கோவில், பொத்துவில் பக்கம் உள்ளே இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

காசு விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். சம்பளமும் கொடுப்பனவும் கொழும்பில் தீர்மானிப்பவை. 2024இல் டொக்டர்மாரின் டாட் கொடுப்பனவு (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்துக்கான மாதக் கொடுப்பனவு) 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆனது. நல்லது, ஆனால் கஷ்டப் பிரதேசம் என்று பார்த்து அது கூடுவதில்லை. பின்தங்கிய இடத்தில் வேலை செய்த அரச டொக்டருக்கு, பட்டமேற்படிப்பு அனுமதியில் வருசத்துக்கு 10 வீதம், கூடியது 30 வீதம் வரை மேலதிகப் புள்ளி கொடுக்க இந்தியாவில் விதி வைத்தார்கள். அப்படியொன்று இங்கே வந்தால் எங்கட பக்கத்து வெல்லாவெளிக்கே போட்டி நடக்கும். அதை எம்பிமாரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். ஊரில் காசு சேர்த்து உத்தியோகத்தரின் கையில் கொடுக்கலாம் என்று குழுவில் யாராவது சொன்னால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இலஞ்சச் சட்டத்தில் மாட்டப்போவது அந்த அப்பாவி உத்தியோகத்தர்தான்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று 2010இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு 2021இல் புதுப்பித்தது. காசு மட்டும் கொடுத்தால் போதாது. வீடு, பிள்ளையின் படிப்பு, கணவன் அல்லது மனைவியின் வேலை, மேற்படிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கவனியுங்கள் என்பதே அதன் சாரம். இதில் ஒரு ஊர்க்குழுவின் கைக்கு எட்டுவது வீடு. ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள்.

நியமனக் கடிதம் வருவதற்கு முன்பே குவாட்டசை, அதாவது உத்தியோகத்தர் தங்கும் வீட்டை, திருத்திவிட வேண்டும். வந்த பிறகு பார்ப்போம் என்று இருந்தால், ஆள் அன்று பின்னேரமே மட்டக்களப்பு பஸ் ஏறிவிடுவார். மறுகா இடமாற்ற விண்ணப்பம்தான் வரும். கட்டடம் மாகாணத் திணைக்களத்துக்குச் சொந்தமானது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி எடுத்த பிறகே கை வையுங்கள்.

பெயின்ற் கடைசி வேலை. முதல் வேலை குளியலறைக் கதவின் உள் தாழ்ப்பாள். தனியாக வரும் ஒரு மிஸ்ஸி வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது அவரின் கை தானாக அந்தத் தாழ்ப்பாளுக்குப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்தது சீலிங். வௌவால் குடியிருந்தால் அந்த மணம் எத்தனை முறை கழுவினாலும் போகாது. கூரைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெளியைக் கம்பி வலையால் அடைக்க வேண்டும். பொழுதுபட்டு அவை இரை தேடப் போன பிறகு அடையுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே செத்து நாறும். ஆடி, ஆவணியில் கிணற்றில் வாளி தரைதட்டும் என்பது நமக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது. பெரிய டாங்கி ஒன்று வைத்து, பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் வரும் பட்டியலில் குவாட்டசின் பெயரையும் போட்டுவிடுங்கள். எந்த அறையில் போன் சிக்னல் எடுக்கிறது என்று பார்த்து, அதையே படுக்கையறை ஆக்குங்கள். குவாட்டசிலிருந்து வார்டுக்குப் போகும் பாதைக்கு லைட் கட்டாயம். யானை இறங்கும் ஊரில் இரவு இரண்டு மணிக்கு ஒருவரை டோர்ச்சோடு நடக்கச் சொல்வது நியாயமில்லை.

சரி, யாரைக் கேட்பது? வெற்றிடத்தைப் பிராந்தியப் பணிப்பாளர் வழியாகத்தான் மேலே அனுப்ப முடியும். கடிதத்தில் "டொக்டர் இல்லை, மக்கள் அவதி" என்று மட்டும் எழுதாதீர்கள். வெளிநோயாளர் தொகை, மாதம் எத்தனை பேரை மட்டக்களப்புக்கு அனுப்புகிறார்கள், குவாட்டஸ் தயாராக இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முடிந்தால் இரண்டு பேரைக் கேளுங்கள். ஒற்றை டொக்டர் லீவு எடுக்க முடியாமல் களைத்தே ஓடிவிடுவார்.

குடும்பத்தை மறக்கவே கூடாது. கணவனோ மனைவியோ ஆசிரியர் என்று தெரிந்தால் உடனே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். கணிதம், விஞ்ஞானம் என்றால் நமது பள்ளிக்கூடங்கள் இரு கையாலும் வாங்கும். பிள்ளை ஸ்கொலர்ஷிப் சோதனையை நெருங்கினால் பெற்றோர் டவுனுக்குப் போகத்தான் செய்வார்கள், அதற்காக மனம் நோக வேண்டாம். நாலைந்து வருசம் நல்லபடியாக நின்றாலே பெரிய காரியம்.

டூட்டி முடிந்த பிறகு பிரைவேட்டாகப் பார்க்க அரச டொக்டருக்கு அனுமதி உண்டு. சந்தியில் ஒரு அறையை நியாயமான வாடகைக்கு ஒழுங்கு செய்து கொடுங்கள். இதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். பின்னேரமும் டொக்டர் ஊரிலேயே இருப்பார் என்பதால் நான் இதற்கு முழு ஆதரவு. டூட்டி நேரத்தில் அங்கே ஆளைக் கண்டால் அது வேறு கதை. குழு நேரே போய்ப் பேச வேண்டும்.

இனி நம் ஆக்களின் விசயம். வந்த முதல் மாதம் தயிர்ச் சட்டியும் நெல்லு மூட்டையுமாகப் போவார்கள். இரண்டாம் மாதம் அதே ஆக்கள் சாதாரண தடிமனுக்கு இரவு பத்து மணிக்குக் குவாட்டஸ் கதவைத் தட்டுவார்கள். எது அவசரம், எதற்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுவது, எது காலை கிளினிக்குக்கு உரியது என்று கோவிலிலும் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். குடிவெறியில் வந்து மிஸ்ஸியிடம் சத்தம் போடுபவரைக் குழுவே அன்றிரவு பொலிசில் முறையிட வேண்டும். "நம்மட பொடியன்தானே, விடுங்க" என்று சமாதானம் பேசினால் அந்த மிஸ்ஸியை அடுத்த இடமாற்றப் பட்டியலில் பார்க்கலாம். சிங்கள டொக்டர் வந்தால் முதல் சில கிழமை இரு மொழியும் தெரிந்த ஒரு ஊழியரை ஓ.பி.டி.யில் பக்கத்தில் இருத்துங்கள். காத்தான்குடியில் இருந்தோ கல்முனையில் இருந்தோ வருகிறவர் முஸ்லிம் என்றால் ஹலால் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே சொல்லுங்கள், வெள்ளி ஜும்ஆவுக்குப் போய்வர நேரம் ஒழுங்கு செய்யுங்கள்.

இதெல்லாம் வருகிறவரைப் பிடித்து வைக்கும் வழி. நீண்ட கால வழி ஊர்ப்பிள்ளைதான். கிராமத்தில் வளர்ந்தவர் கிராமத்தில் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம் என்பதை அந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டியும் சொல்கிறது. ஜப்பானில் 1972இல் இதற்கென்றே ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் பிள்ளைகளை எடுத்துப் படிப்பித்து, சொந்த மாகாணத்துக்கே வேலைக்கு அனுப்புகிறார்கள். நமக்குப் பல்கலைக்கழகம் கட்டத் தேவையில்லை. தாதியர் பயிற்சிக் கல்லூரி மட்டக்களப்பிலேயே இருக்கிறது. தடையாக இருப்பது உயர்தர விஞ்ஞானம். படுவான்கரையில் அந்தப் பிரிவு உள்ள பள்ளிக்கூடங்கள் குறைவு. குழுவின் கையில் காசு மிஞ்சினால் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வாசல் வளைவு கட்டாமல், சாதாரண தரம் முடித்த பிள்ளைகளின் விஞ்ஞான டியூசனுக்கும் பஸ் காசுக்கும் கொடுங்கள். தாதியர் பயிற்சிக்கு ஆள் கேட்டு வர்த்தமானி வரும்போது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எத்தனையோ பிள்ளைகள் தகுதி இருந்தும் முடிவுத் திகதியைத் தவறவிடுகிறார்கள்.

போகிறவரைச் சந்தோசமாக அனுப்புங்கள். புதியவருக்கு நியமனம் கிடைத்ததும் அவர் முதலில் போன் எடுப்பது முன்பு இருந்தவருக்குத்தான். ஆகவே அவர் புறப்படும் முன்பே குவாட்டசின் சாவியை வாங்கி, எது பழுது என்று போகிறவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.