எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட் ஆகக் கல்லூரி தேடுகிறீர்களா? கட்டணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் எம்.ஆர்.ஐ.க்கு மட்டும் என்று தனி இளநிலைப் பட்டம் படிப்பது வழக்கமில்லை. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிக்கும் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜியில்தான் பெரும்பாலோர் சேர்கிறோம். மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் கொண்டது அது. விண்ணப்பம், கவுன்சலிங் போன்றவற்றை மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் தகவல் கையேடே விளக்கிவிடுவதால், நான் இடறிய இரண்டு இடங்களை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் படங்களைப் பாருங்கள்

3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், அதிலேயே மாதிரித் தலை எம்.ஆர்.ஐ. ஒன்று கிடைக்கும். தலையை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் அந்தப் படங்களை, அதாவது வெட்டுகளை, ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தும் சலிப்புத் தட்டவில்லை என்றால் மேலே படியுங்கள். பணம் கட்டி வாங்கும் மென்பொருள் எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

படி 2: சான்றிதழை யார் தருகிறார்கள்?

பிளஸ் டூ முடித்ததும் நான் சேர்ந்தது, பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு மாடியில் இயங்கிய ஓராண்டுப் பயிற்சி நிலையம். 'அரசுப் பதிவு பெற்றது' என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அது அந்த அறக்கட்டளையைப் பதிவு செய்த சான்றே தவிர, படிப்புக்கான அங்கீகாரம் அல்ல என்பது எனக்கு ஓராண்டு கழித்தே புரிந்தது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம், டிப்ளமோ நிலைக்கே குறைந்தது இரண்டு ஆண்டுகளில் 2,000 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் இந்தக் கணக்குக்குள் வராது.

ஆகவே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைத் திறந்து, கல்லூரியின் பெயரை மட்டுமன்றி, அதற்கு நேராக இந்தப் படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். செவிலியர் படிப்புக்கு இணைப்புப் பெற்ற கல்லூரிக்கு இமேஜிங் படிப்புக்கும் இணைப்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

படி 3: கன்சோலில் (கருவியை இயக்கும் மேசையில்) யார் உட்காருகிறார்கள்?

இரண்டாம் முறை பட்டப் படிப்பில் முறையாகவே சேர்ந்தேன், வளாகத்தில் எம்.ஆர்.ஐ. கருவியும் இருந்தது. ஆனால் அதை ஒப்பந்தத்தில் நடத்தியது வேறொரு நிறுவனம் என்பதால், அதன் ஊழியர்கள் எங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவிட்டதோடு சரி. கருவி இருக்கிறதா என்று கேட்ட நான், அது யார் கையில் இருக்கிறது என்று கேட்கவில்லை.

மூளை ஸ்கேனில் வெட்டுகளை முன், பின் கமிஷர்களை (மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றைகளை) இணைக்கும் கோட்டுக்கு இணையாக வைக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிடலாம். கழுத்து வலியால் தலையைச் சாய்த்தே படுத்திருக்கும் முதியவருக்கு, அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கும் நெருக்கடியில் அதைச் செய்வது கை பழகினால்தான் வரும். எனவே கல்லூரி முதல்வரிடம் கேட்பதைவிட, இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் மாணவர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடித்து, 'போன வாரம் நீங்களே காயில் (coil - ஸ்கேன் செய்யும் உறுப்பைச் சுற்றி வைக்கும் சுருள்) பொருத்திப் படுக்க வைத்த நோயாளிகள் எத்தனை பேர்?' என்று கேளுங்கள். பதில் இழுத்தடித்து வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி முறை) முழுவதும் எக்ஸ்ரே அறையிலேயே கழிகிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.

விளம்பரத்தில் வரும் '3 டெஸ்லா' (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு) என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. தொடக்கத்துக்கு 1.5 டெஸ்லா கருவி தாராளமாகப் போதும்; அதில் மூளை, முதுகுத்தண்டு, முழங்கால் என்று பலவகை ஸ்கேன்கள் நாள்தோறும் நடக்கின்றனவா என்பதே முக்கியம்.

படி 4: காந்த அறைக்குள் விடும் முன் என்ன கற்பிக்கிறார்கள்?

ஸ்கேன் நடக்காத நேரத்திலும் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே சென்றவர் கருவியால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். முதல் நாளே பாதுகாப்பு வகுப்பு எடுத்து, மாணவருக்கும் உடலில் உலோகம் உண்டா என்று கேட்கும் சோதனைப் படிவம் நிரப்பும் துறையைத்தான் நான் நம்புவேன்.

பின்சேர்க்கை

வளைகுடா வேலை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அங்கே சான்றிதழை, அதை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகச் சரிபார்ப்பார்கள் என்பதால், படி 2இல் தவறினால் அனுபவம் இருந்தும் பயன் குறைவு.

விபத்தில் காலில் தகடு வைத்த ஒருவர், தாம் இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்டார். எலும்புத் தகடு பெரும்பாலும் தடையாகாது; ஆனால் பேஸ்மேக்கரும் (இதயத் துடிப்புக் கருவி) காக்ளியர் இம்பிளான்ட்டும் (காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி) தீவிரமாக ஆராய வேண்டியவை. எதுவானாலும், அறுவை சிகிச்சைக் குறிப்பைக் கையோடு கொண்டுபோய், கட்டணம் கட்டும் முன்பே அந்தத் துறையின் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.