செவ்வரத்தைத் தடி ஊன்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி ஓய்ந்து முற்றத்து மணல் உலரத் தொடங்கியதும் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் செவ்வரத்தை (செம்பருத்தி) தடி கேட்டுப் போகிறவர்களைக் காணலாம். ஒரு வீட்டு வேலியில் அடுக்கு மஞ்சளோ வெள்ளையோ பூத்துவிட்டால், அந்தத் தெருவில் உள்ளவர்கள் அதில் ஒரு தடி கேட்காமல் விடுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பிழைகளைப் பார்க்கும்போது, அவற்றுள் பெரும்பாலானவை ஒரு காலத்தில் நானும் செய்தவை என்பதால், எழுதிவைப்பது பயன்படும் என்று தோன்றியது. தடியைத் தலைகீழாக நடுவது, தண்ணீர் விட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றின் விளைவு விரைவில் கண்ணில் தெரிந்துவிடும், செய்தவரே திருத்திக்கொள்வார். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பல வாரங்கள் நம்பவைத்துப் பிறகு கைவிடும் பிழைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பூத்த நுனியை வெட்டுவது

கேட்கப் போனவரின் கண் பூவில் இருப்பதால், பூவும் மொட்டுமாக நிற்கும் நுனிக்கிளையையே ஒடித்து வந்துவிடுகிறார். அது நீர்ப்பற்று மிகுந்த இளந்தண்டு. எங்கள் வெப்பத்தில் ஈர மணலுக்குள் எளிதில் அழுகிவிடும். அடிப்பக்கத்து முற்றிய தண்டோ வேர்விடத் தயங்கும். இரண்டுக்கும் இடையில், பச்சை மாறிக் கபில நிறம் ஏறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள கிளையே ஏற்றது. அதை நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரிய கத்தியால் வெட்டி, மொட்டுகள் அனைத்தையும் அகற்றி, உச்சியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிட வேண்டும்.

கச்சானில் ஊன்றுவது

வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு நெருங்கும்போது பூவின் தேவை நினைவுக்கு வர, உடனே தடி ஊன்றத் தொடங்குபவர்கள் பலர். அதே பருவத்தில்தான் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றும் வீசத் தொடங்குகிறது. வறண்ட அந்தக் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்ச, வேரில்லாத தடியால் அதை ஈடுசெய்ய முடியாது. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட சில இடங்களில் அந்த மாதங்களில் கிணற்று நீரிலும் உவர் ஏறிவிடுவதால், விடும் தண்ணீரும் பகையாகிறது. கடும் மழை குறைந்த தை மாதப் பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை ஊன்றுவதே நல்லது. கச்சான் காலத்தில் ஊன்றித்தான் ஆகவேண்டும் என்றால், சேமித்த மழைநீரை விட்டு, தென்மேற்கிலிருந்து வரும் காற்றுப் படாத சுவரோரத்தில் நிழலாக வைக்க வேண்டும்.

தளிரை வேர் என்று நம்புவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான். ஊன்றிப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கணுக்களில் பச்சைத் தளிர் எட்டிப் பார்க்கும். தடி பிழைத்துவிட்டது என்று வீட்டில் உள்ளவர்கள் மகிழ்ந்து, ஈரம் காக்கத் தடியை மூடியிருந்த பொலித்தீன் பையைக் கழற்றிச் சாடியை வெயிலுக்கு மாற்றிவிடுவார்கள். சிலர் அன்றைக்கே நிலத்திலும் நட்டுவிடுவார்கள். ஒரு வாரத்துக்குள் தளிர் துவண்டு கருகும். பிறகு கைராசி இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். கைராசிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வெட்டிய தண்டுக்குள் மாப்பொருள் சேமிப்பு ஓரளவு இருக்கிறது. கணுவிலுள்ள அரும்புகள் தாய்ச்செடியில் இருந்தபோதே உருவாகி உறங்கிக் கிடப்பவை. வெப்பமும் ஈரமும் கிடைத்தவுடன் அந்தச் சேமிப்பைக் கொண்டே விரிந்துவிடுகின்றன. வேர் அப்படி ஆயத்தமாக இருப்பதன்று. வெட்டிய வாயில் முதலில் வெண்ணிறத் தடிப்பு ஒன்று உண்டாகி, பட்டைக்குக் கீழே வளரும் படையான மாறிழையத்தை அண்டிய கலங்கள் புதிதாகப் பிரிந்து வேராக உருமாற வேண்டும். எளிதில் வேர்விடும் சாதாரணச் சிவப்புக்கே இதற்கு மூன்று நான்கு வாரங்கள் வேண்டும். பெரிய பூப் பூக்கும் கலப்பினங்களுக்கு இரண்டு மாதம் வரை செல்லலாம். சில வேர்விடாமலே போய்விடும். ஆகவே தளிர் வந்திருப்பது தண்டில் உணவு மிச்சமிருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. வருமானம் நின்றுபோன வீட்டில் கையிருப்பை எடுத்து விருந்து வைப்பது போன்ற நிலை அது. பொலித்தீனுக்குள் காற்று ஈரமாக இருப்பதால் இலை இழக்கும் நீர் மிகக் குறைவு. அதனால் வேரில்லாத தடியும் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். மூடியை ஒரேயடியாக அகற்றினால் ஒரு பிற்பகல் வெயிலே அதை முடித்துவிடப் போதும்.

உறவில் எனக்கு மாமியான ஒருவரின் கல்லடி வீட்டு வாசலில், இளஞ்செம்மஞ்சள் இதழும் நடுவில் கருஞ்சிவப்பும் கொண்ட அடுக்குச் செவ்வரத்தை ஒன்று நின்றது. அந்த நிறத்தை அயலில் வேறெங்கும் நான் கண்டதில்லை. மதில் கட்டுவதற்காகச் செடியை எடுக்க வேண்டி வந்தபோது, அவர் கிளைகளை வெட்டிச் சாடிகளில் ஊன்றினார். "எல்லாம் தளிர்த்திட்டு மனே, இனிப் பயமில்லை" என்று தொலைபேசியில் சொன்னார். அசைக்க வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை; நான் போய்ச் சேர்வதற்குள் தாய்ச்செடியைத் தோண்டி எறிந்து, தடிகளைச் சாடியிலிருந்து எடுத்து மகள்மார் வீடுகளுக்குப் பங்கிட்டு அனுப்பியிருந்தார். எடுக்கும்போது அடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். வெள்ளையாக ஏதோ தடித்திருந்தது என்றார். அது வேருக்கு முந்திய தடிப்பு; வேர் அன்று. அவற்றுள் ஒன்றும் மிஞ்சவில்லை. கலப்பினச் செவ்வரத்தையை விதையிலிருந்து வளர்த்தால் தாயின் பூ அப்படியே வருவதில்லை என்பதால், தடியைத் தவறவிட்டவருக்கு அந்த நிறத்தை மீட்க வேறு வழி இருக்கவில்லை. இன்னும் சில வாரங்கள் பொறுத்திருந்தால் மூன்று வீடுகளில் அது பூத்திருக்கும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்தப் பிழையையே வியாபாரமாக்குபவர்களும் இருக்கிறார்கள். கறுப்புப் பையில் ஊன்றித் தளிர்விட்ட தடியைக் கன்று என்று விற்கிறார்கள். வாங்கியவர் வீட்டில் அது பட்டுப்போனால் பழி வாங்கியவருக்கே வருகிறது. பையின் அடித்துளையில் வேர் தெரியாத கன்றை, இலை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

வேர் வந்ததை அறிவதற்கு எளிய வழி உண்டு. ஒளி ஊடுருவும் தண்ணீர்ப் போத்தலைப் பாதியாக வெட்டி, அடியில் துளையிட்டு, அதில் தடியை ஊன்றிச் சுற்றிலும் கறுப்புத் தாளால் மூடிவைக்க வேண்டும். தாளை விலக்கினால் சுவரோரத்தில் வெண்வேர் ஓடுவது தெரியும். ஒரு வேரைக் கண்டவுடன் இடம் மாற்றக் கூடாது. புதுவேர் எளிதில் முறியும். அது கிளைவிட்டு மண்ணைப் பற்றிக்கொள்ளும்வரையும், முதல் தளிர் முற்றிக் கரும்பச்சையாகி அடுத்த தளிர் எழும்வரையும் காத்திருக்க வேண்டும். அதன்பின் மூடியை மாலை வேளைகளில் சிறிது நேரம் திறந்துவைத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக அகற்றலாம். நிலத்தில் நட்ட பிறகும் சில நாட்களுக்குக் கிடுகு ஒன்றைச் சாய்த்து நிழல் கொடுப்பது அவசியம்.

இழுத்துப் பார்ப்பது

கூடவே கூடாது.

கடற்கரை மணலும் பச்சைச் சாணமும்

கைக்கெட்டும் தூரத்தில் மணல் கிடக்கிறது என்பதற்காகக் கரையோர மணலை அள்ளிவந்தால் உப்பும் கூடவே வரும். ஆற்று மணலைக் கழுவி, அதே அளவு தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) கலந்தால் போதுமானது. தும்புச்சோற்றையும் நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். மாட்டெருவோ செயற்கை உரமோ இந்தக் கட்டத்தில் தேவையில்லை. உணவை எடுக்க வேரே இல்லாத தடிக்கு எரு போடுவது அழுகலைத்தான் வளர்க்கும். வேர்விடத் தூண்டும் ஓமோன் தூள் கிடைத்தால் கலப்பினங்களுக்குப் பயன்படுத்தலாம். ஊர்ச் சிவப்பு அதில்லாமலே வேர்விடும்.

நுவரெலியாவிலிருந்து பியூசியாத் தடி கொண்டுவருவது

பியூசியா குளிர்ப்பிரதேசத்துச் செடி. அங்கே எளிதில் வேர்விடும் அதே தடி, 30 பாகையைத் தாண்டும் எங்கள் பகல் வெப்பத்தில் அழுகிவிடும். அங்கேயே பார்த்து மகிழ்வது நல்லது.

பூச்சியோடு தடி வாங்குவது

தடி கேட்கும் அவசரத்தில் தாய்ச்செடியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 2008இல் இலங்கையில் பரவிப் பப்பாசி மரங்களை அழித்த வெண்மூட்டுப் பூச்சி (மாவுப் பூச்சி) செவ்வரத்தையிலும் தங்கக் கூடியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பூச்சிகளும் செவ்வரத்தையின் நுனியில் பஞ்சுபோல் ஒட்டி, இலையைச் சுருட்டிவிடும். பொலித்தீனுக்குள் அடைத்த தடியில் ஒன்றிரண்டு இருந்தாலும் மூடியைத் திறக்கும்போது எல்லாத் தடிகளிலும் பரவியிருக்கும். தாய்ச்செடியில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தால் முதலில் நுனிகளையும் இலையடிகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். கிடைப்பதற்கரிய நிறம் என்பதால் அந்தச் செடியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், தடியை ஓடும் நீரில் கழுவி, சவர்க்கார நீரில் துணி நனைத்துக் கணுக்களைத் துடைத்து, மறுபடியும் நல்ல நீரில் அலசி, புதிய இலைகள் சுத்தமாக விரியும்வரை மற்றத் தடிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.