பறவைக் காய்ச்சலும் "எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு" என்ற நம்பிக்கையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி, தை வந்தால் ஊசுட்டேரியிலும் வீராணத்திலும் வலசைப் பறவைகள் நிறைந்துவிடும். சம்பா அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்களும் இறங்கிவிடும். காட்டுப் பறவையும் வாத்தும் ஒரே தண்ணீரில்தான் அலகை வைக்கும். இந்தச் சமயத்தில் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சலால் வாத்துகள் சாகின்றன என்று டிவியில் செய்தி வந்தால் போதும், நம் பக்கம் இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று, "சிக்கனே வாங்காதே". இன்னொன்று, "நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கு". முதல் பேச்சால் கறிக்கடைக்காரருக்குத்தான் நஷ்டம், 70 டிகிரிக்கு மேல் உள்ளே வரை நன்றாக வெந்த கறியில் இந்த வைரஸ் பிழைக்காது, ஆஃப் பாயிலை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வைத்தால் சரி. எனக்குப் பயம் இரண்டாவது பேச்சைப் பற்றித்தான்.

முதலில், நம் உடம்பு எந்தக் கிருமிக்கு எதிராகப் பழகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வருஷா வருஷம் வரும் ஃப்ளூ காய்ச்சலுக்கு எதிராக நம் ரத்தத்தில் எதிரணுக்கள் (ஆன்டிபாடிகள்) இருக்கின்றன. பறவைக் காய்ச்சலைக் கொண்டுவரும் எச்5என்1 வைரஸின் மேல் இருக்கும் எச்5 புரதத்தை அவற்றில் பெரும்பாலானவை அடையாளம் காண்பதில்லை. "மூன்று தலைமுறையாக வாத்து மேய்க்கிறோம், யாருக்கும் எதுவும் ஆனதில்லை" என்பது அந்த வாத்துகளுக்கு இதுவரை எச்5என்1 வராததாலும் இருக்கலாம், அதைப் பரம்பரைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வயசு விஷயத்திலும் நம் கணக்கு தப்பு. "வயசுப் பையன், கல்லு மாதிரி இருக்கான்" என்று விட்டுவிடுகிறோம். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எச்5என்1 பிடித்தவர்களின் பிறந்த வருஷத்தை எடுத்துப் பார்த்தது. 1968-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இதன் கடுமை குறைவாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் சின்ன வயதில் முதன்முதலாகச் சந்தித்த ஃப்ளூ, எச்5-க்கு உறவுக்கார வகை. அதனால் இந்த நோய் இளவட்டத்தையும் குழந்தைகளையும் விட்டுவைப்பதில்லை. 2021-ல் இந்தியாவில் எச்5என்1-ஆல் முதலில் உயிரிழந்ததாகப் பதிவானது ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன்.

அடுத்த தவறு, மூக்கு ஒழுகட்டும், தொண்டை கரகரக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பது. சாதாரண ஃப்ளூ வைரஸ் பற்றிக்கொள்ளும் இடம் மூக்கிலும் தொண்டையிலும் அதிகம். இரண்டும் பற்றிக்கொள்வது செல்லின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைத்தான். பறவை வைரஸ் தேடுவது அதில் வேறு வகையை, அது மனிதனில் அதிகம் இருப்பது நுரையீரலின் அடியாழத்திலும், பிறகு கண்ணிலும். அதனால்தான் இது மனிதருக்கு மனிதர் லேசில் பரவுவதில்லை. ஆனால் வந்தவருக்கு நேராக நிமோனியாவாக மாறக் காரணமும் அதுதான். 2024-ல் அமெரிக்காவில் பால் பண்ணை, கோழிப் பண்ணை ஆட்களுக்கு வந்தபோது பெரும்பாலானோருக்குக் கண் சிவந்ததுதான் முக்கிய அறிகுறி. கோழியைத் தொட்ட பிறகு கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

இப்போது எதிர்ப்புச் சக்தியைக் 'கூட்டுவது' பற்றி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பெரிய குழப்பம் இங்கேதான். வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடித்து, செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்க வேண்டும். பக்கத்துச் செல்கள் அதைக் கேட்டுக் கதவை அடைக்கும். எச்5என்1 தன்னிடமிருக்கும் என்எஸ்1 என்ற புரதத்தால் இந்த எச்சரிக்கையை அமுக்கிவிடுகிறது. அந்த அமைதியில் அது பெருகுகிறது. உடம்பு தாமதமாக விழிக்கும்போது, நுரையீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள், அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை அளவில்லாமல் கொட்டுகின்றன. சாத்தனூர் தண்ணீர் 2024 டிசம்பரில் மொத்தமாக வந்தபோது தென்பெண்ணைக் கரையோரம் என்ன ஆனது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காற்றுப் பைகளில் நடப்பதும் அதுதான்: ரத்தக் குழாய்கள் கசிந்து, மூச்சு இழுக்கும் இடமெல்லாம் நீர் கோத்துக்கொள்கிறது. வியட்நாமில் எச்5என்1 நோயாளிகளை வைத்துச் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், இறந்தவர்களுக்கு வைரஸ் அளவு, சைட்டோகைன் அளவு இரண்டுமே மிக அதிகமாக இருந்தன.

ஆகவே இங்கே ஆளைச் சாய்ப்பது பலவீனமான எதிர்ப்பு மட்டும் இல்லை, நேரம் தப்பி அளவு மீறும் எதிர்ப்பும்தான். கசாயம் குடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதைக் குடித்துவிட்டு மூன்று நாள் பார்ப்போம் என்று உட்கார்வதுதான் தவறு. எச்5-ஐ முதல்முறை சந்திக்கும் உடம்பு அதற்கென்று எதிரணுக்களைப் போதுமான அளவில் தயாரிக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வைரஸ் அவ்வளவு நாள் கொடுக்காது. ஓசெல்டாமிவிர் மாத்திரை வைரஸ் செல்லை விட்டு வெளியேறிப் பரவுவதைத் தடுக்கிறது, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். அதற்குப் பிறகும் கொடுப்பார்கள், ஆனால் கைவிட்டுப்போன முதல் இரண்டு நாள் திரும்ப வராது.

"ஒரு ஊசி போட்டால் சரியாயிடும்" என்று போய் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது இன்னொன்று. கொரோனாவில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்களே என்பார்கள். அது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பில். ஃப்ளூவில் ஸ்டீராய்டு கொடுத்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வைரஸ் உடம்பை விட்டுப் போகவும் தாமதமாகிறது. காய்ச்சல் சட்டென்று இறங்கிவிடுவதால் குணமான மாதிரித் தெரியும், உள்ளே பெருகுவது நிற்பதில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்குக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை, பின்னால் பாக்டீரியா சேர்ந்தால் மருத்துவர் தருவார்.

அப்புறம், வீடுகளில் நடக்கும் ஒரு வழக்கம். கோழி தூங்கி விழ ஆரம்பித்தால் வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து, "சாகறதுக்குள்ள அறுத்துடு" என்பார்கள். பின்கட்டில் அம்மா உட்கார்ந்து, வெந்நீரில் முக்கி, வெறுங்கையால் இறகைப் பிடுங்குவார், ஆவியும் தெறிப்பும் முகத்தில் அடிக்கும், குடலை உருவிய கையின் மணிக்கட்டால் நெற்றி வியர்வையையும் கண்ணையும் துடைத்துக்கொள்வார். வைரஸ் அதிகமாக இருக்கும் கோழியை, அதிக அளவில் உள்ளே போகும் விதத்தில் கையாளும் வேலை இது. முதல் சுற்றிலேயே உள்ளே போகும் வைரஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் உடம்பு சமாளிப்பதும் திணறுவதும். தூங்கி விழும் கோழியை அறுக்காதீர்கள். செத்ததை வாய்க்காலில் வீசாமல், கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்று, கவலையில்லை என்பதும் சரியில்லை, அது எச்5-ஐத் தடுக்காது. ஆனாலும் பண்ணையில் வேலை செய்பவர்கள் போட்டுக்கொள்வது நல்லது, ஒரே ஆளுக்கு இரண்டு வைரஸும் ஒன்றாக வந்து மரபணுக்களைக் கலந்துகொள்ளும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கடைசியாக, மருத்துவரிடம் "காய்ச்சல், இருமல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது. ஜிப்மருக்குப் போனாலும் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்குப் போனாலும், இரண்டு வாரத்துக்குள் செத்த கோழி, வாத்து, காக்கை எதையாவது தொட்டீர்களா என்பதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் தொண்டையிலிருந்தும், கண் சிவந்திருந்தால் கண்ணிலிருந்தும் மாதிரி எடுத்து ஆர்.டி.-பி.சி.ஆர். செய்யத் தோன்றும். மூக்கில் எடுத்த ஒரு மாதிரி நெகட்டிவ் என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வைரஸ் அடி நுரையீரலில் இருந்தால் மூக்கில் கிடைக்காமல் போகலாம், மூச்சு வாங்கினால் ஆழத்துச் சளியை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், முடிவு வரும் வரை காத்திருக்காமல் மாத்திரையை ஆரம்பிக்கலாமா என்றும் கேளுங்கள்.