வெற்றுத்தாளில் இதயம்: நீட் தேர்வுக்கு மனித உடலியங்கியலைத் திருப்பும் முறை

பல் மருத்துவம் படிக்க விரும்புகிறவர்களும் எழுத வேண்டியது நீட் தேர்வுதான். அதன் 180 வினாக்களில் 90 உயிரியல். மனித உடலியங்கியல் பதினொன்றாம் வகுப்புப் பாடம் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. மதுரையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் திருப்புதல் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் செரிமானம் இல்லை. எந்த வகைப் பல் எத்தனை என்று காட்டும் பல் வாய்பாடும் அதோடு போய்விட்டது. பல் மருத்துவராகப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, ஹார்மோன் என்று ஆறு பாடங்கள் மிஞ்சுகின்றன. சுற்றோட்டத்தில் தொடங்குங்கள். மற்ற ஐந்துக்கும் இரத்தம் வேண்டும்.

படி 1: புத்தகத்தை மூடிவிட்டு வரையுங்கள்

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். இதயத்தின் நான்கு அறைகளை, மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள் என்று வரைந்து பெயரிடுங்கள். எதிரே ஒருவர் நம்மைப் பார்த்து நிற்பதாக எண்ணிக்கொண்டு வரைய வேண்டும். அவருடைய வலது ஆரிக்கிள் நம் தாளில் இடப்பக்கம் வரும். இதில் தடுமாறினால் மற்றவை எல்லாம் தலைகீழாகும்.

படி 2: இரத்தத்தோடு நடந்து பாருங்கள்

சித்திரைத் தேர் கீழமாசி வீதியில் புறப்பட்டு, தெற்கு, மேற்கு, வடக்கு மாசி வீதிகளைச் சுற்றி நிலைக்குத் திரும்புகிறது. நடுவில் ஒரு வீதியை விட்டுவிட்டுப் போக வழியில்லை. இரத்தமும் அப்படித்தான். பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரைகள், இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி. விரலை வைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள்.

திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி நுரையீரல் தமனிக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருந்தாள். "தமனி என்றால் நல்ல இரத்தம்தானே அக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல், அவள் விரலை வலது வென்ட்ரிக்கிளில் வைத்து மறுபடி நடக்கச் சொன்னேன். "இன்னும் நுரையீரலுக்கே போகவில்லையே!" என்று அவளே நீலப் பென்சிலை எடுத்தாள். இதயத்தை விட்டு வெளியேறுவது தமனி, இதயத்துக்குள் வருவது சிரை. ஆக்சிஜனை வைத்துப் பெயர் சூட்டவில்லை.

படி 3: எண்களைக் கணக்காகப் போடுங்கள்

தனித்தனியாக மனப்பாடம் செய்த எண்கள் தேர்வறையில் கலந்துவிடும். வென்ட்ரிக்கிள் நிரம்பும்போது சுமார் 120 மி.லி., சுருங்கிய பிறகு எஞ்சுவது 50. ஆக ஒரு துடிப்புக்கு 70 மி.லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 70 × 72 = 5,040, அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு துடிப்புக்கு ஆகும் 0.8 விநாடியில் ஆரிக்கிள் சுருக்கம் 0.1, வென்ட்ரிக்கிள் சுருக்கம் 0.3, எல்லாம் தளர்ந்திருப்பது 0.4. கூட்டிச் சரிபாருங்கள்.

சிறுநீரகத்துக்கும் இதே வழிதான். இரத்தத்திலிருந்து நிமிடத்துக்கு 125 மி.லி. திரவம் வடிகிறது, 60ஆலும் 24ஆலும் பெருக்கினால் நாளொன்றுக்கு 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ 1.5 லிட்டர் அளவுதான். மீதி எங்கே போனது என்று கேட்டால், சிறுநீரகத்தின் நுண்குழலான நெஃப்ரானில் மீள உறிஞ்சப்படுவதைப் படிக்கத் தானாகவே ஆர்வம் வரும்.

படி 4: பாடங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுங்கள்

இரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அது கல்லீரல் தரும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ஆஞ்சியோடென்சினாக மாற்றும் வேலையைத் தொடங்குகிறது. ஆஞ்சியோடென்சின் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியைத் தூண்ட, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது, சோடியமும் நீரும் உடலில் தங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. அளவுக்கு மீறி ஏறினால் ஆரிக்கிள் சுவரே ஒரு ஹார்மோனைச் சுரந்து இதைத் தடுக்கிறது. சுற்றோட்டம், கழிவுநீக்கம், ஹார்மோன் மூன்றும் இந்த ஒரு சங்கிலியில் வந்துவிடுகின்றன. இதை ஐந்து முறையாவது எழுதிப் பாருங்கள்.

படி 5: இரண்டு மொழிப் பெயர்களும் தெரிந்திருக்கட்டும்

தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். வினாவின் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் எதிரே ஆங்கிலப் பெயரை எழுதிவையுங்கள்.

படி 6: பிழை நோட்டு

பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போடுங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் நோட்டில் ஒரே வரி எழுதினால் போதும்: தெரியவில்லையா, குழப்பமா, அவசரத்தில் வினாவைச் சரியாகப் படிக்கவில்லையா? மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் விடையை மறைத்துக்கொண்டு அந்த வரிகளை மட்டும் பாருங்கள். இரண்டு முறையும் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம்.