கார் விபத்தில் காயம்: இழப்பீடு கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?

காயம் சிறியது, காப்பீட்டு நிறுவனமும் பொறுப்பை மறுக்கவில்லை, சமரசத்தில் முடிகிறது என்றால் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். சாட்சி விசாரணை நடந்து தீர்ப்பு வரை போனால் இரண்டிலிருந்து நான்கு வருடம். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு என்றால் இன்னும் சில வருடங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தாமதத்துக்கு நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்வது வழக்கம். ஆனால் பல வழக்குகளில் காலத்தைத் தின்பது வேறு மூன்று: எலும்பு கூட எடுக்கும் நாள், போலீசிடமிருந்து வர வேண்டிய காகிதங்கள், வண்டி உரிமையாளருக்கு நோட்டீஸ் போய்ச் சேராதது. இவற்றில் இரண்டையாவது பாதிக்கப்பட்டவர் தரப்பே முடுக்கிவிடலாம்.

எந்த வழியில் கேட்பது

வழி தவறினால் அதிலேயே ஒரு வருடம் போய்விடும். எதிரே வந்த வண்டியின் கவனக்குறைவால் காயம் என்றால், மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆம் பிரிவில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. சென்னையில் இது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது, மற்ற ஊர்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வாய்தாவுக்கு வாய்தா பயணம் செய்ய வேண்டியவருக்கு இது பெரிய வசதி.

தவறு யாருடையது என்று நிரூபிக்க முடியாத நிலையில் 164-ஆம் பிரிவு இருக்கிறது. கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் என்று நிலையான தொகை. கவனக்குறைவு பற்றிய விசாரணை கிடையாது என்பதால் வேகமாக முடியும், ஆனால் அதோடு சரி. இடித்துவிட்டு ஓடிய வண்டி கண்டுபிடிக்கப்படவே இல்லை என்றால் அது நீதிமன்றத்தின் வேலையே அல்ல. வருவாய்த் துறை வழியாக விண்ணப்பித்து, மாவட்ட ஆட்சியர் அனுமதிக்கும் தொகை: கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், மரணத்துக்கு 2 லட்சம்.

நீங்கள் போன காரே மரத்தில் மோதியது என்றால் முதலில் பாலிசியைப் பாருங்கள். மூன்றாம் நபர் பாலிசி (வெளியாருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மட்டும் இருந்தால் காருக்குள் இருந்த பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது. முழுப் பாலிசியாக இருந்தால் ஆகும். உரிமையாளரே ஓட்டித் தானே காயப்பட்டால் அவர் மூன்றாம் நபர் அல்ல. 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டில்தான் கேட்க வேண்டும். அதிலும் குறிப்பிட்ட வகை ஊனங்களுக்கே பணம் உண்டு.

முதல் வாரம்: ஒரு வரி இரண்டு வருடத்தைத் தின்னும்

மருத்துவமனைக்குப் போனதும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். வழக்குக்காரர்கள் இதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி அடிபட்டது என்று கூட வந்தவரைக் கேட்டு, பதிலை ஒரு வரியில் எழுதுவார்கள். பதற்றத்தில் யாராவது "பைக்கில் இருந்து விழுந்துட்டார்" என்று சொன்னால் அதுவே பதிவாகும். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவன வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்: "தானாக விழுந்தவர், பிறகு காரைச் சேர்த்துவிட்டார்கள்." ஆகவே எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, தெரிந்தால் வண்டி எண் என்று சொல்லி எழுத வையுங்கள். ஓட்டுநர் பெயர் தெரியாவிட்டாலும் "அடையாளம் தெரிந்த கார் மோதி" என்று இருப்பதே போதும்.

முதல் தகவல் அறிக்கையிலும் இதே கதை. சிகிச்சையில் இருந்ததால் தாமதம் என்றால், அந்தக் காரணம் புகாரிலேயே இருக்க வேண்டும். காரணம் எழுதாத பத்து நாள் தாமதம், காரணத்தோடு வந்த ஒரு மாதத் தாமதத்தைவிட மோசம்.

செலவுக்குக் கையில் பணம் இல்லையே என்று இழப்பீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குச் சிகிச்சை பெறலாம்.

ஆறு மாதக் கெடு

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 166(3)-இன்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த விதியை எதிர்த்த வழக்கில், காலம் கடந்தது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறும். ஆறு மாதத்தையே கெடுவாக வைத்துக்கொள்வதுதான் புத்தி.

"ஆஸ்பத்திரி வேலை எல்லாம் முடியட்டும், அப்புறம் கேஸ் போடலாம்" என்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மனு போடச் சிகிச்சை முடிந்திருக்க வேண்டியதில்லை. தொகையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், மருத்துவச் சான்றுகளைச் சாட்சி விசாரணையின்போது கொடுக்கலாம். வட்டியும் மனு போட்ட தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

போலீஸ் செய்ய வேண்டியது

2022-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி போலீஸ் விசாரணை அதிகாரிக்குத் தெளிவான கால அட்டவணை இருக்கிறது. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும். 10 நாளில் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் அவர் கைக்கு வர வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. விரிவான அறிக்கை வந்த 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி தன் முடிவைச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது.

தாளில் பார்த்தால் நான்கு மாதத்தில் ஒரு தொகை மேசைக்கு வந்திருக்க வேண்டும். நடப்பில் பல நிலையங்களில் இந்தத் தேதிகள் தவறுகின்றன. அதனால் உங்கள் பங்குக்கு உரிய படிவத்தை 60 நாளுக்குள் நிரப்பிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் மாதிரி வரைபடம், மஹஜர் (அந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று), பாலிசி, கடைசியில் குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வாளர் அறிக்கையில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்ற குறிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். புகாரில் சொன்ன மோதல் திசையோடு அது பொருந்தவில்லை என்றால் வக்கீலிடம் அப்போதே சொல்வது நல்லது.

மனு சீக்கிரம், தொகை பேசுவது மெதுவாக

காயம் நிலைப்பட்ட பிறகே ஊனத்தின் அளவைச் சொல்ல முடியும். சாதாரண எலும்பு முறிவுக்கே பல மாதம் ஆகும். உள்ளே வைத்த தகடு, கம்பியை எடுக்க இரண்டாவது அறுவை சிகிச்சை இருந்தால் ஒரு வருடத்தைத் தாண்டும். தலைக்காயத்தில் மறதியும் வலிப்பும் தாமதமாகத் தெரிவது உண்டு. இதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டால் மறுபடி கேட்க வழி கிடையாது.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது 34, சொந்தத் தொழில், மாத வருமானம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. வருடத்துக்கு 3,36,000. சரளா வர்மா தீர்ப்பின் (2009) பட்டியலில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16, ஆக 53,76,000. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்றால் வருமான இழப்பு மட்டும் 10,75,200 ரூபாய். அவசரப்பட்டு 10 சதவீதத்தில் முடித்தால் 5,37,600. மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு ஆகியவை இதற்கு மேல் தனி.

இங்கே கவனிக்க வேண்டியது, மருத்துவக் குழு கொடுக்கும் ஊன சதவீதமும் வருமானத் திறன் இழப்பும் ஒன்றல்ல. ராஜ்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. இடது காலில் 30 சதவீத ஊனம், கணக்கு எழுதுபவருக்கு ஒன்று, சுமை தூக்குபவருக்கு வேறொன்று. என்ன வேலை, அதில் எந்த அசைவு இனி முடியாது என்பதைச் சாட்சியத்தில் சொல்லாவிட்டால், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்ற சிறிய தொகையோடு தீர்ப்பாயம் நிறுத்திவிடக்கூடும்.

வழக்கு தேங்கும் இடங்கள்

முதல் தேக்கம் நோட்டீஸ். ஆர்.சி.யில் உள்ள முகவரியில் உரிமையாளர் இல்லை, வண்டி கைமாறிவிட்டது, தபால் திரும்பி வந்தது என்று நாலைந்து வாய்தா ஓடும். தற்போதைய முகவரியைக் காவல் நிலையக் கோப்பில் இருந்து எடுத்து முதலிலேயே கொடுங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் மாற்று வழியில் நோட்டீஸ் சேர்ப்பிக்க மனு போட வேண்டும். இதற்காகக் காத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். உரிமம் இல்லை, காலாவதி, வேறு வகை வண்டிக்கானது என்று காப்பீட்டு நிறுவனம் சொன்னால், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஆவணமும் சாட்சியும் வரும்வரை வழக்கு நகராது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது உறுதியானால், நிறுவனம் முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவாகலாம், உரிமையாளர் தலையிலேயே விழவும் செய்யலாம்.

மூன்றாவது, மருத்துவர் சாட்சி. சிகிச்சை கொடுத்தவர் இடம் மாறியிருப்பார், வர மறுப்பார். மருத்துவக் குழு மதிப்பீட்டுக்கு அனுப்பும்படி வழக்கின் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் பல மாதம் மிச்சம். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், அசல் ரசீதுகள் எல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டுக்காக அசல் ரசீதுகளைக் கொடுத்துவிட்டவர்கள், சான்றொப்பமிட்ட நகலையும் எவ்வளவு வந்தது என்ற கடிதத்தையும் வாங்கி வைக்க வேண்டும்.

வக்கீல் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை: வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. மருத்துவமனை வாசலிலேயே வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லோக் அதாலத்

ஊன அளவு தெரிந்துவிட்டது, பொறுப்பில் சச்சரவு இல்லை என்றால், இரு தரப்பும் சமரசம் பேசி முடிக்கும் இந்த மக்கள் நீதிமன்றமே குறுக்கு வழி. ஒரே அமர்வில் முடியும், மேல்முறையீடு கிடையாது. மேல்முறையீடு இல்லை என்பது உங்களையும் கட்டும். மேலே சொன்ன கணக்கை உங்கள் வயது, வருமானத்தில் போட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள். கொஞ்சம் குறைத்து ஒப்புக்கொள்வதில் தவறில்லை. பாதிக்குக் கீழே இறங்கச் சொன்னால் அவசரப்படத் தேவையில்லை, வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போகும், அவ்வளவுதான். 7.5 சதவீதம் வட்டி என்றாலும் 10,75,200 ரூபாய்க்கு வருடத்துக்கு 80,640 சேரும்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். மேல்முறையீட்டுக்கு 90 நாள். சர்ச்சைத் தொகை 1 லட்சத்துக்குக் குறைவு என்றால் மேல்முறையீடே செய்ய முடியாது. நிறுவனம் மேல்முறையீடு போட்டுத் தடை வாங்கினாலும், பெரும்பாலும் தொகையின் ஒரு பங்கையோ முழுவதையுமோ கட்டச் சொல்லியே தடை கிடைக்கும். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள நீங்கள் உடனே மனு செய்யலாம். பலர் இது தெரியாமல் மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்கிறார்கள்.

பணம் தீர்ப்பாயக் கணக்கில் வந்த பிறகும் தானாக உங்கள் கணக்குக்கு வராது. பட்டுவாடா மனு, வங்கிப் புத்தக நகல், பான், ஆதார் எல்லாம் தயாராக இருந்தால் சில வாரம். பெயர் எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் மாதக்கணக்கு. மைனர் பங்கு அவர்கள் வயதுக்கு வரும்வரை வைப்புநிதியில் இருக்கும், வட்டியை மட்டும் எடுக்கலாம்.

கட்டவே இல்லை என்றால் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்றுதல் மனு போடலாம், அல்லது 174-ஆம் பிரிவில் சான்றிதழ் கேட்டு ஆட்சியர் மூலம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கலாம். காப்பீடே இல்லாத கார் என்றால் தீர்ப்புவரை பொறுக்காமல், காவல் நிலையத்தில் அந்த வண்டி நிற்கும்போதே அதை விடுவிப்பதற்கு முன் பிணையம் கேட்க வேண்டும் என்று மனு கொடுத்துவிடுங்கள். வண்டி கைமாறிய பிறகு அந்த உரிமையாளரிடம் வசூலிக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.